தூதரகத்தில் ஆள் தெரிந்த தலைவர்

மலேசியாவில், கூலாயில் எங்கள் கோயில் தலைவருக்கு மைக் கிடைத்தால் போதும், தூதரகம் என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். தூதர் ஒரு பக்கம், அகம் ஒரு பக்கம். அகம் என்றால் வீடு. ஆகவே அது தூதரின் வீடு, நம் வீடு. சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிற்பார். தூது வடக்கிலிருந்து வந்த சொல், அகம் நம்முடையது, இரண்டையும் ஒட்டியது நேற்றைய வேலை என்பதெல்லாம் அவருக்கு எதற்கு? அந்த வீட்டில் தனக்கு ஆள் தெரியும் என்று நாலு பேர் நம்பினால் சரி.

நம்புவதற்கு எங்களிடம் ஆளுக்கா பஞ்சம். ஆஸ்பத்திரிக்குப் போக ஆள் தெரியவேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஆள் தெரியவேண்டும். கதவு திறந்தே கிடந்தாலும் உள்ளே அழைத்துப்போக ஒருவர் வேண்டும். கிளியையும் நாரையையும் தூது விட்ட பரம்பரை அல்லவா நாங்கள். நாரையாவது பறந்திருக்கும்.

பக்கத்து ஊர் செனாயில் தொழிற்சாலை வேலை முடிந்து நான் தினமும் சாப்பிடும் கடையில், தமிழ்நாட்டிலிருந்து வந்த சமையல்காரன் ஒருவன் இருந்தான். அவனுடைய பை திருடுபோனது, பாஸ்போர்ட்டும் அதோடு போயிற்று. அதே வாரம், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று ஊரிலிருந்து போன் வந்தது. போலீஸ் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேரே கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்துக்குப் போ, நானே காரில் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"தலைவரு பாத்துக்குறேன்னு சொல்லிட்டாருண்ணே. நாம முந்திக்கிட்டா தப்பா நெனைப்பாரு," என்றான். கடை முதலாளியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

தலைவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். கோயில் திருவிழாவுக்குத் தூதரக அதிகாரி ஒருவர் விருந்தினராக வருகிறார். மேடையில் இவன் அவருக்கு மாலை போட்டு, மனுவைக் கையில் கொடுக்கவேண்டும். "அதுவரைக்கும் பொறுத்துக்க லா, மேடையில குடுத்தாதான் மரியாதை," என்றார். யாருக்கு மரியாதை என்று கேட்டேன். ரொம்பப் படித்தவன் மாதிரிப் பேசாதே என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருவிழாவுக்கு முதல் நாள் அவன் அம்மா இறந்துபோனார். மறுநாள் காலை, சாம்பார் கொதிக்கும் அடுப்புப் பக்கம் நின்றபடியே, ஊரில் தம்பி கொள்ளி வைப்பதைப் போனில் பார்த்தான். சாயங்காலம் தலைவர் கார் அனுப்பினார். வராவிட்டால் தப்பாக நினைப்பார் என்று அதற்கும் வந்தான்.

அதிகாரி நல்ல மனிதர். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, மனுவை அங்கேயே படித்தார்.

"நேரா கவுன்டருக்கு வந்திருந்தா அப்பவே பாத்துக் குடுத்திருப்போமே தம்பி. ஏன் வரல? அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில எரிச்சிட்டாங்க சார்."

மைக் அதைப் பந்தல் முழுக்கச் சொன்னது. தலைவர் அவன் தோளைப் பிடித்து, போட்டோ எடுப்பவர் பக்கம் திருப்பினார்.