ஏழாம் மாடியின் எண்ணிக்கை

சிவப்பு விழுந்ததும் கலோண்டு நின்றுவிடுவார். கையில் கிதேரி என்கிற சோளச் சுண்டல் டப்பா, தோளில் லெசோத் துணி, எதிரே ஆறு வழிச் சாலை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டி கிடையாது. நடுச்சாலையில் இரண்டு வரிக்குதிரைகள் ஒன்றின் முதுகில் ஒன்று தலைவைத்து நின்றுகொண்டிருக்கும். பச்சை வரும்வரை அவர் அசைய மாட்டார்.

"யாருமே இல்லையே அக்கா, வாங்க" என்று நான் கூப்பிட்டால் முறைப்பார்.

"கேமரா இருக்கு தம்பி. நான் மீறினா, நோட்டீஸ் அனுப்பவேண்டிய ஆளும் நான்தான்."

நாற்பத்தெட்டு வயது. தலைநகர் நைரோபியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில், புல்வெளிக்கு நடுவே அரசாங்கம் கட்டிவரும் தொழில்நுட்ப நகரத்தின் கட்டுப்பாட்டு அறை அலுவலர். நான் அங்கே வாரம் இருமுறை தண்ணீர் லாரி கொண்டுபோகிறவன். குழாய் போட்டுவிட்டார்கள். தண்ணீர்தான் வரவில்லை.

பதினைந்து வருடத் திட்டம் அது. கணினிச் சில்லுகள், செயற்கை அறிவு, தகவல் கிடங்குகள் என்று நாளைக்கு வரப்போகிற தொழில்களெல்லாம் இங்கே வரவேண்டும், பக்கத்து நாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதே அதன் சாரம். ஆட்சி மாறும்போதெல்லாம் திட்டத்தின் பெயரும் மாறியது. நுழைவாயிலில் நான்கு அடிக்கல்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டி முடிந்தது பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றுதான். அதில் ஒரு நிறுவனமும் குடிவரவில்லை.

இருந்தாலும் நெடுஞ்சாலையில் போகிற முதலீட்டாளர்களின் கண்ணுக்கு அது ஆளிருக்கும் கட்டடமாகத் தெரியவேண்டும் என்று தலைநகரிலிருந்து உத்தரவு. கலோண்டு பொத்தானை அழுத்தி, ஜன்னல் திரைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏற்றி இறக்குவார். மதியம் ஒரு மணிக்குப் பாதியை மூடிவிடுவார். "சாப்பிடப் போயிருக்காங்க" என்பார், முகத்தில் சிரிப்பில்லாமல். ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "பக்கத்து நாட்டுலயும் ஒருத்தி இப்படி உட்கார்ந்திருப்பா. நான் நாலு திரை தூக்கினா அவ ஆறு தூக்குவா. பாவம், அவளுக்கும் கை வலிக்கும்."

சென்ற ஆண்டு, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணும் கருவிகளை மாடிதோறும் பொருத்தினார்கள். எண்ணிக்கை நேராகத் தலைநகருக்குப் போய்விடும். எந்த நாடு முந்துகிறது என்று வரிசைப்படுத்துகிறவர்களுக்கு அங்கிருந்து அனுப்புவார்கள். முதல் சில வாரங்கள், கலோண்டு உட்காரும் தரைத்தளத்தைத் தவிர, பன்னிரண்டு மாடிக்கும் பூஜ்யம். மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, ஏழாம் மாடிக்கு நேரே 'ஒன்று' என்று காட்டியது.

கலோண்டு மேலே போய்ப் பார்த்தார். நீளமான வெற்றுக் கூடம். தரை விரிப்பின் மேல் போட்ட பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. கேமராவிலும் ஒருவருமில்லை. அடுத்த வாரம் மூன்று. பொறியாளர் வந்து கருவியை மாற்றினார். புதிய கருவி ஒன்பது என்றது. மே மாதக் கடைசியில் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றது. அதற்குமேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"பயமா இல்லையா அக்கா?"

"பயமெல்லாம் இல்ல. ஆனா அந்தக் கூடத்துக்குள்ள போறப்ப, அதுவரைக்கும் பேசிட்டிருந்தவங்க என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கிட்ட மாதிரி இருக்கு தம்பி."

தலைநகரில் ஒரே குதூகலம். இயக்குநர் செருயோட் ஒரு தாளோடு தாமே நேரில் வந்தார். முதற்கட்டத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று சான்றளிக்கும் தாள். கலோண்டு கையெழுத்திட்டால் இரண்டாம் கட்டம் தொடங்கும். அதற்கான நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கியாமுலு கிராமம். அறுபது வீடுகள். கலோண்டுவின் அண்ணன்மார் மாடு மேய்ப்பது அங்கேதான். அன்று நான் தண்ணீர்க் கேன்களை உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்ததால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"ஒரு கையெழுத்துதானேம்மா."

"மேல யாரும் இல்ல சார். போய்ப் பாருங்க."

"மிஷின் நாப்பத்தொண்ணுன்னு சொல்லுது. அது பொய்னு நாமளே எழுதிக் குடுத்தா, தொழில்நுட்ப நகரம்னு சொல்லிட்டு வெளியில எப்படித் தலைகாட்டறது?"

கலோண்டு அவர் முன்னால் தேநீரை நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: "நான் இங்க முதல்ல என்ன வேலைக்கு வந்தேன்னு தெரியுமா சார்?"

இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார்.

"நிலத்தை எடுத்தப்ப, இதுல எத்தனை கல்லறை இருக்குன்னு எண்ணிப் பட்டியல் போட. நாப்பத்தி நாலு இருந்துச்சு. மூணு குடும்பம் வந்து எலும்பை எடுத்துக்கிட்டுப் போச்சு. மத்தவங்களைத் தேடி யாரும் வரல. அவங்க மேலதான் இதைக் கட்டியிருக்கு."

வாயருகே கொண்டுபோன கோப்பையை இயக்குநர் கீழே வைத்தார். சுவரில் இருந்த எண் பலகையைப் பார்த்தார். பிறகு நான் நின்ற பக்கம் திரும்பினார், நான் ஏதாவது சொல்வேனா என்பதுபோல. நான் குனிந்து அடுத்த கேனைத் தூக்கினேன்.

கலோண்டு தாளை இழுத்து, குறிப்புகள் என்ற கட்டத்தில் நிதானமாக எழுதினார்: "ஏழாம் மாடியில் நாற்பத்தொருவர் இருக்கிறார்கள். இவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் அல்லர்." அதன்கீழே கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

அந்தத் தாள் தலைநகரில் மேசை மேசையாக இரண்டு மாதம் அலைந்ததாகக் கேள்வி. அந்த வரியோடு அதை மேலே அனுப்ப எந்த அதிகாரிக்கும் துணிவில்லை. அதை அடித்துவிட்டு அனுப்பவும் ஒருவரும் முன்வரவில்லை. இந்த ஆண்டுக் கொள்கை அறிக்கையில் இரண்டாம் கட்டம் என்ற பகுதியே காணோம். எண்ணும் கருவிகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கலோண்டுவுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் வரவில்லை. "போகட்டும், மாடு மேயுதில்ல" என்றார்.

போன வியாழக்கிழமை, பார்வையிட வருகிறவர்களுக்காகப் பன்னிரண்டாம் மாடிக்குக் கேன்களை ஏற்றிவிட்டு நாங்கள் இருவரும் லிஃப்டில் இறங்கினோம். ஏழாம் மாடியில் அது நின்றது. நாங்கள் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. கதவு திறந்தது. நடுப்பகல் வெளிச்சத்தில் கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. காற்றே இல்லாமல் பிளாஸ்டிக் தாள் மெல்லச் சரசரத்தது. நான் கதவை மூடப் பொத்தானை நோக்கிக் கை நீட்டினேன். கலோண்டு என் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தார். பிறகு லெசோவை உடம்போடு இழுத்துச் சுற்றிக்கொண்டு, பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்று, இடம்விட்டார்.