திருகாணியில் இரண்டு சுற்று

மச்சினன் தொடையில் மரம் அறுக்கும் மிஷின் பட்ட மூன்றாம் நாள், அதே மிஷினைத் தூக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். அவன் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பழையபடி நடப்பானா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. மரத்துப்போயிருந்தேன்.

கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டங்களில் நிழல் மரங்களுக்குக் கவாத்து எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அவன் மரத்தில் ஏறுவான், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். மிஷின் அவன் இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கும். கைப்பிடியிலுள்ள விசையை விட்டால் இன்ஜின் மெதுவாக ஓட வேண்டும், அறுக்கும் சங்கிலி நின்றுவிட வேண்டும். ஆனால் மலைக்குளிரில் மெதுவாக ஓடுகிற இன்ஜின் அணைந்து போகும். கிளையில் தொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்வது லேசான காரியமா? அதனால் எங்கள் ஆட்கள், விசையை விட்டபின் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஐடில் திருகாணியைக் கொஞ்சம் கூட்டித்தான் வைப்பார்கள். சங்கிலி லேசாக ஊர்ந்தபடி இருக்கும். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

அன்று அது ஊரவில்லை, ஓடியது. அவன் கிளை மாறும்போது தொங்கிய மிஷின் திரும்பித் தொடையில் பட்டுவிட்டது.

இரண்டு நாளாக என்னிடம் பேசாத மனைவி அன்று காலை, "மிஷின்ல என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க. ஆத்தா கேட்டுக்கிட்டே இருக்கு" என்றாள். எனக்கும் ஒரு கோளாறு தேவைப்பட்டது.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. கார்பரேட்டருக்குப் பின்னாலிருக்கும் ரப்பரில் விரிசல் விட்டால் காற்று புகுந்து இன்ஜின் தறிகெட்டு ஓடும். விரிசல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே வளைத்து வளைத்துப் பார்த்தேன். இல்லை. கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கலாம் என்று அதையும் திறந்தேன். விசையும் எங்கும் சிக்கவில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்து தொலைத்தது.

மிச்சம் இருந்தது திருகாணி மட்டும். ஸ்டார்ட் செய்து, ஸ்குரூடிரைவரை வைத்து இடப்பக்கம் இரண்டு சுற்று திருப்பினேன். சத்தம் அடங்கியது. சங்கிலி அப்படியே நின்றது.

எனக்குத் தெரிந்ததுதான். அன்று இன்ஜின் அணைந்துபோய், அவன் பாதி மரத்திலிருந்து இறங்கி வந்து மிஷினை நீட்டினான். அது மூன்றாவது தடவை. திரும்பத் திரும்ப இறங்குகிறானே என்ற எரிச்சலில் திருகாணியை வலப்பக்கம் திருகிக் கொடுத்தேன்.

சத்தம் மாறியது கேட்டு மனைவி வெளியே வந்தாள். "நின்னுருச்சே. என்னவாம்?"

"மிஷின்ல ஒண்ணுமில்ல. நாந்தான் கூட வச்சுட்டேன்."

அவள் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து ஆஸ்பத்திரியிலிருந்த தம்பியைக் கூப்பிட்டு, என் கையில் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க."

சொன்னேன்.

"எத்தன சுத்து மச்சான்?" என்று கேட்டான்.

"ரெண்டு."



"நான் ஒண்ணுதான மச்சான் வைக்கச் சொன்னேன்."

"ஆமா மாப்ளே" என்றேன்.