நெல்லுக்கு நிற்கும் வண்டிகள்

போன மாதம் ஒருநாள் காலை என் கணவர் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினார். அவ்வளவுதான் செய்தார். எதிரே டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்து காரைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்!

"வண்டி கேடாயிட்டா அண்ணாச்சி? நீங்க ஸ்டீயரிங்க மட்டும் பிடியுங்க, நாங்க தள்ளுதோம்."

"கேடு ஒண்ணும் இல்ல. பிள்ளையோ கடக்கட்டும்னு நிக்கேன். ஜீப்ரா கிராசிங்லா?"

"அதுக்கு எதுக்கு வண்டிய நிப்பாட்டுதிய? அதுங்க பாத்துக் கடந்துக்கிடும்!"

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? பிள்ளைகளும் கடக்கவில்லை. ஒரு கார் தங்களுக்காக நிற்பதை அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "நீங்க போங்க மாமா" என்று கையைக் காட்டினார்கள். "நீங்க போங்க மக்களே" என்று இவரும் கையைக் காட்டினார். பின்னால் பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. கடைசியில் கார்தான் போனது... தள்ளுமுள்ளோடு.

இவரைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருடமாக மஸ்கட்டில் வேலை. அங்கே வெள்ளைக் கோட்டில் கால் வைத்தால் வண்டி நிற்குமாம். லீவில் வந்த முதல் வாரம் அதே நினைப்பில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பெனிட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு நம்மூர் கோட்டிலும் கால் வைத்துவிட்டார். பஸ் நிற்கவில்லை. இருவரும் பின்னால் துள்ளியதில் இவருடைய செருப்பு ஒன்று மட்டும் ரோட்டின் நடுவில் கிடந்தது. அதன் மேல் மூன்று வண்டிகள் ஏறிய பிறகுதான் எடுக்க முடிந்தது.

சட்டம் எங்கள் பக்கம்தான். கோட்டில் கால் வைத்தவருக்கே முதல் உரிமை என்று லைசென்ஸ் எடுக்கப் போனபோது நானே ஒப்பித்திருக்கிறேன். 'பள்ளிப் பகுதி, மெதுவாகச் செல்லவும்' என்று போர்டும் உண்டு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வைத்த ஃப்ளெக்ஸ் அதை மறைத்துக்கொண்டு நிற்கிறது. மாப்பிள்ளை இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறார். அப்படியும் யாரும் மெதுவாகப் போவதில்லை.

விஷயம் சிரிப்பாக இருந்தாலும் கவலை நிஜம். எங்கள் வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கம், பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். நான் எட்டு மணிக்கே நாகர்கோவிலுக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டும். இதுவரை பெனிட்டாவைக் கூட்டிப் போன, அதே பள்ளியில் படித்த பக்கத்து வீட்டு அக்கா இந்த ஜூனில் வேறு பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். லீவு முழுக்க இவர் கூட்டிப் போனார். லீவு முடிந்தால்? அவள் தனியாகத்தான் கடக்க வேண்டும். இந்த மனிதர் பிளேன் ஏறப் பயந்ததில்லை. இந்த இருபதடி ரோட்டை நினைத்து நிஜமாகவே பயந்தார். அவர் பயந்ததைப் பார்த்து எனக்கும் பயம் தொற்றிக்கொண்டது.

வீட்டு முற்றத்தில் டிரெயினிங் தொடங்கியது. சாக்பீஸால் கோடு, இவரே பஸ், இவரே லாரி.

"வலது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு, திரும்பவும் வலது பக்கம். கைய நல்லா தூக்கு. பொறவு டிரைவருக்க கண்ணைப் பாரு மக்களே. அவரு ஒன்னைப் பாக்காரான்னு பாரு."

"அவரு போனைத்தானேப்பா பாக்காரு?"

பஸ்ஸாக வந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

புறப்பட இரண்டே நாள் இருந்தபோது அடுத்த சோதனை. கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்த நேரம். காலையில் போய்ப் பார்த்தால் ரோட்டில் பாதியை அடைத்து நெல்லைக் காயப் போட்டிருக்கிறார் தாணு அண்ணாச்சி. ஊருக்குப் பக்கத்தில்தான் அவர் வயல். நெல்லுக்கு ஓரத்தில் வரிசையாகக் கல். ஜீப்ரா கிராசிங்கில் முக்கால்வாசி நெல்லுக்கு அடியில். இருந்த கோடும் போயிற்று!

இவருக்கு வந்ததே கோபம். "அண்ணாச்சி, இது பிள்ளையோ கடக்கிய இடம். இங்கயா கொண்டு உணக்கப் போடுவாங்க?"

"வேற எங்க போய் உணக்க? எங்க வீட்டு மொட்ட மாடியிலயா? அங்க எனக்க மருமவ துணி உணக்கிருக்கா."

நான் இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. தூரத்தில் பறந்து வந்த பஸ் நெல்லைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தது. மெல்ல ஒதுங்கி, ஒரு நெல்மணி மேலும் டயர் படாமல் உருண்டு போனது. அடுத்து டெம்போ. அதற்கும் அதே மரியாதை. மீன் வண்டி, பைக், ஷேர் ஆட்டோ... எல்லாரும் ஒற்றை வரிசையில், எதிரே வருபவருக்கு வழி விட்டு, ஹார்ன்கூட அடிக்காமல்! சாப்பிடுகிற பொருளை மிதிக்கக் கூடாது என்கிற எண்ணம் பாதி. அண்ணாச்சியின் வாய்க்குப் பயம் மீதி. ஒரு நெல் மணி நசுங்கினால் டிரைவரின் ஏழு தலைமுறையையும் கூப்பிடக்கூடியவர் அவர்.

சண்டை போட்டுக்கொண்டிருந்த இவர் வண்டிகளையே பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"அண்ணாச்சி... எத்தன நாளு இப்பிடிக் கெடக்கும்?"

"வெயிலு அடிச்சா மூணு நாளு."

"நாலு நாளா ஆக்க முடியாதா?"

அண்ணாச்சி இவரை மேலும் கீழும் பார்த்தார். இவர் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. தாணு அண்ணாச்சி நெல் தள்ளும் பலகையை எடுத்தார். வெள்ளைக் கோட்டின் மேல் கிடந்த நெல்லையெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுக்கினார். கோட்டுக்கு வலப்பக்கம் நெல், இடப்பக்கம் நெல், நடுவில் பிள்ளைகள் நடக்க வழி. "இத மொதல்லயே சொன்னா நான் மாட்டேன்னா சொல்லப் போறேன்?" என்று எங்களுக்கு ஒரு அதட்டல் வேறு.

அன்றும் மறுநாளும் பெனிட்டா தனியாகக் கடந்தாள். இவர் இந்தப் பக்கமே நின்று பார்த்தார். வண்டிகள் நெல்லுக்கு நின்றன. பெனிட்டா தனக்குத்தான் நின்றன என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு டிரைவருக்கும் தேங்க் யூ சொன்னாள். டிரைவர்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் நாள் ஒருவர் நெல்லைப் பார்க்காமல் அவளையே பார்த்து நின்றார். அதைப் பார்த்த திருப்தியோடு இவர் சாயங்காலம் பிளேன் ஏறத் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினார்.

அடுத்த நாள் அப்பா, அம்மா யாருமில்லாமல் அவள் கடக்க வேண்டிய முதல் நாள்.

நான் தைரியமாகத்தான் எட்டு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். சுசீந்திரம் பாலம் வரை தைரியம் இருந்தது. அதற்கு மேல் வரவில்லை. கடந்திருப்பாளா? கையைத் தூக்கியிருப்பாளா? அண்ணாச்சி இன்று வராமல் போயிருந்தால்? வண்டியைத் திருப்பினேன். ஆக்சிலேட்டரை எவ்வளவு முறுக்கினேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடம் தெரிந்ததும் கண் நேராக கேட்டுக்குப் போனது. அவள் உள்ளே போய்விட்டாளா என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டே...

"ஏட்டி! கண்ணு பொடதியிலயா இருக்கு? பிள்ள கோட்டுல நிக்கது தெரியல்லியா?"

பிரேக் பிடித்தேன். தாணு அண்ணாச்சி பலகையை ஓங்கிக்கொண்டு வந்தார். என் பின்சக்கரம் அவருடைய நெல்லுக்குள். ஜீப்ரா கிராசிங் எனக்கு நாலடி பின்னால். எதிரே பஸ் நின்றது. டெம்போ நின்றது. வீட்டுப் பக்கம், கோட்டில் வைத்த காலைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டு, கையைத் தூக்கியபடியே நின்றிருந்தாள் பெனிட்டா.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ஐயோ, நீயா மக்களே!" என்று அண்ணாச்சி பலகையைக் கீழே போட்டார். ரோட்டு ஒழுங்கைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருப்பேன்! அத்தனையையும் திருப்பி வாங்கிக்கொண்டு ஓடிப்போகலாம் போலிருந்தது. பெனிட்டா வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், திரும்பவும் வலது பக்கம். அப்புறம் அப்பா சொன்னபடி டிரைவரின் கண்ணைப் பார்த்தாள். என் கண்ணைத்தான். நான் தலையாட்டிய பிறகே கடந்தாள். எனக்குத் தேங்க் யூ சொல்லவில்லை.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து வீடியோ கால். ஹலோகூட இல்லை, "கடந்தியா மக்களே? வண்டியெல்லாம் நின்னுச்சா?" என்றுதான் முதல் கேள்வி. நான் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிப் பார்த்தேன். என்ன பயன்?

"எல்லா வண்டியும் நின்னுச்சுப்பா. அம்மைக்க வண்டி மட்டும் நிக்கல்ல."