உட்கார்ந்த இடத்தில் இருபத்தாறாயிரம் அடி

போன ஐப்பசிக்கு முன்னால் ஹேமலதாவைத் தெரியாதவர்கள் ஆரணியில் ஏராளம். ஐப்பசிக்குப் பிறகு ஒருவர்கூட இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே பத்தடி உயரத்துக்குப் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டினால் யாருக்குத்தான் தெரியாமல் போகும்? சிவப்புப் பட்டுப் புடவை, கூப்பிய கை, தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் 'தினமும் 26,000 அடி நடக்கும் ஆரணியின் நடை ராணி'. எந்தக் கட்சி, எந்த வார்டு என்றுகூடச் சிலர் விசாரித்தார்கள்.

இத்தனைக்கும் அந்த அம்மாள் அப்போது தெருமுனை வரை போய் வந்தாலே தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற ஆள். பொய் சொன்னாளா என்றால் அதுவும் இல்லை. நடந்த கதையைக் கேளுங்கள்.

ஹேமலதாவுக்கு நாற்பத்தாறு வயது. தேவிகாபுரத்தில் பிறந்து, இருபது வயதில் வேணுகோபாலுக்கு வாழ்க்கைப்பட்டு ஆரணிக்கு வந்தவள். வந்த ஆறாம் மாதமே தறியில் இறங்கிவிட்டாள். கூடத்தில் இரண்டு குழித்தறிகள், ஒன்றில் அவர், ஒன்றில் இவள். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கப் போட்டு விளிம்பில் உட்கார வேண்டும். கால் மிதியை மிதிக்கும், வலது கை கயிற்றைச் சுண்டும், ஊடை என்கிற குறுக்கு நூலோடு நாடா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறக்கும், இடது கை பலகையை இழுத்து அடிக்கும். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. காலும் கையும் நாள் பூராவும் ஆடுகிறதே, இதற்கு மேல் என்ன தேகப்பயிற்சி என்பது அவளுடைய கட்சி. அந்தக் கட்சி அவளை எண்பத்துநாலு கிலோவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல நிக்குதும்மா. எழுந்து நடங்க, உள்ள வராம இருக்கும்" என்றார்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் பானுப்ரியா இதைக் கேட்டுப் பயந்துபோய், அடி எண்ணுகிற கைப்பட்டை ஒன்றை வாங்கி அனுப்பினாள். எல்லோரையும் போல இடது கையில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. இடது கையில் கட்டினால் பலகையில் இடிக்கிறது என்று ஹேமலதா அதை வலது கையில் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் பார்த்தால் இருபத்துநாலாயிரத்து முந்நூற்றுப் பத்து அடி.

"நான்தான் சொன்னேனே. வூட்டுக்குள்ளயே நான் எம்மா நடக்கறேன், யாரு பாக்கறீங்க?" என்றாள் கணவரிடம். வேணுகோபால் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எண் அப்படியேதான் இருந்தது.

ஊரில் 'விடியல் நடை' என்று ஒரு வாட்ஸ்ஆப் குழு இருந்தது. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அபிதகுசாம்பாள் டீச்சர் நடத்துவது. நாற்பது பெண்கள். தினமும் மாலை அவரவர் அடிக்கணக்கைப் போட வேண்டும். அதுவரை அங்கே முதலிடம் சூர்யகலாவுக்கு. தெருக்கோடியில் மாவு மில் வைத்திருப்பவள், தினமும் ஒன்பதாயிரம் அடி, தட்டிக் கேட்க ஆளில்லை. அங்கே போய் ஹேமலதா தன் இருபத்துநாலாயிரத்தைப் போட்டாள். அரைமணி நேரத்தில் கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்! இருபத்தைந்து, இருபத்தாறு என்று எண் ஏறியது. இவ்வளவு நடக்கிறோமே என்று மத்தியானம் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள், மாலையில் இரண்டு மெதுவடை. ஆரணி அரிசிச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது என்பது எனக்கும் தெரியும், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தபோது எண்பத்தாறு. "மெஷின் கெட்டுப் போச்சி" என்று மருந்துக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

இதற்கிடையில் சூர்யகலா சும்மா இருக்கவில்லை. பறிபோன முதலிடத்தைப் பிடிக்கக் காலையிலும் மாலையிலும் நடந்தாள். பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம். அப்படியும் ஹேமலதாவைத் தொட முடியவில்லை. எப்படித் தொட முடியும்?

பொங்கல் கழிந்த ஞாயிறு நடைப்போட்டி என்று அறிவிப்பு வந்தது. கோட்டை மைதானத்தில் தொடங்கி சேவூர் வரை போய்த் திரும்ப வேண்டும், பத்து கிலோமீட்டர். ஓடக் கூடாது. ஐந்து பேர் கொண்ட அணி. ஐந்து பேரும் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் அணிக்குப் பதக்கம், ஒருத்தி தவறினாலும் ஐந்து பேருக்கும் ஒன்றும் கிடையாது. டீச்சர் உடனே பெயர்களைக் கொடுத்துவிட்டார். தலைவி ஹேமலதா. அடுத்த பெயர் சூர்யகலா. சந்தோஷம் தாங்காமல் தன் செலவிலேயே அந்த ஃப்ளெக்ஸையும் அடித்துக் கட்டினார்.

ஃப்ளெக்ஸ் ஏறிய நாலாம் நாள், தீபாவளிக்கு மறுவாரம், ஹேமலதாவின் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், தீர்ந்தது. புதுப் பாவு பிணைக்க ஆள் வரும்வரை தறிக்கு ஓய்வு. கிடைத்த நாளை விடுவானேன் என்று மார்க்கெட்டுக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், வீட்டை ஒட்டடை அடித்தாள், மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினாள். கால் கழன்றுவிடும் போல இருந்தது. இன்றைக்கு முப்பதாயிரம் நிச்சயம் என்று கையைத் திருப்பினாள். மூவாயிரத்து நானூறு.

பட்டை ரிப்பேர் என்றுதான் நினைத்தாள். மூன்றாம் நாள் புதுப் பாவில் உட்கார்ந்து, முதல் ஊடையை ஓட்டக் கயிற்றைச் சுண்டியபோது எதேச்சையாக மணிக்கட்டைப் பார்த்தாள். எண் ஒன்று கூடியது. இன்னொரு சுண்டு, இன்னொன்று கூடியது. எழுந்திருக்கவே இல்லை, பத்து சுண்டுக்குப் பத்து அடி. எண்பது நாளாக அந்தப் பட்டை கை ஆடுவதை எல்லாம் கால் நடப்பதாக எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது.

"இன்னாங்க, இங்க வாங்களேன்" என்று கத்தினாள். விஷயத்தைக் கேட்ட வேணுகோபால் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குந்தின எடத்துலயே மெட்ராஸுக்கு நாலு தபா போயி வந்துட்டியேமே!"

"சிரிக்காதீங்க. படத்த வேற கட்டி வச்சிகினு கீறாங்க. நான் இன்னா பண்றது?"

"இன்னாத்துக்குப் பேஜாரு? கட்டிகினே நெய்யி. யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். ஆனால் ஐந்து பேரில் நாலு பேர் தன்னை நம்பி நடக்கப் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியுமே. அன்று முழுக்க அந்த நினைப்பு அவளைக் குடைந்தது. சாயங்காலம் குழுவில் குரல் பதிவு போட்டாள்.

"எல்லாரும் மன்னிச்சிக்கங்க, நான் ஹேமலதா பேசறேன்மா. இத்தினி நாளா நான் போட்ட கணக்கு தப்பு. அது நடந்த கணக்கு இல்ல, நாடா ஓட்டின கணக்கு. நெசமா நான் நடக்கறது மூவாயிரம்தான். இனிமே தறியில ஏறச் சொல்லோ பட்டையக் கழட்டி வச்சிடறேன். டீச்சர், என் பேர எடுத்துடுங்க."

குழுவே சிரித்தது. சிரிக்காதவள் ஒருத்தி. சூர்யகலா மில்லை அப்படியே போட்டுவிட்டு, கையெல்லாம் மாவுடன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"எண்பது நாளு. நகம் பேந்துகினு நடந்தேன், உன்னத் தாண்டணும்னு. நீ குந்திகினு இருந்திருக்க."

அவசரத்தில் ஹேமலதா சொல்லக் கூடாததைச் சொன்னாள். "அதனால உனுக்குப் பதினோரு கிலோ கொறைஞ்சிதே, சூர்யா."

"அத்த நீ சொல்லாத" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அதன் பிறகு இவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

டீச்சரோ பெயரை எடுக்க மறுத்துவிட்டார். கொடுத்த பெயரை மாற்ற முடியாது, ஆள் குறைந்தால் அணியே இல்லை. "இன்னும் பதினோரு வாரம் கீது, ஹேமா. ஃப்ளெக்ஸ நான் கழட்ட மாட்டேன். நீ நடந்து அத்த நெசமாக்கு" என்றார். ஆக, இவள் தவறினால் சூர்யகலாவுக்கும் பதக்கம் இல்லை. நகம் பெயர்ந்து நடந்தவளுக்கு! அந்த ஒன்றுதான் ஹேமலதாவை மறுநாள் விடியற்காலை படுக்கையிலிருந்து எழுப்பியது.

முதல் நாள் பக்கத்திலிருக்கும் சூரியகுளம் வரைகூடப் போக முடியவில்லை. மகளின் பழைய சுடிதார், புது ஷூ, பாதி வழியில் குதிகால் கொப்புளம். பேருந்து நிலையம் பக்கம் போனால் தன் படத்தையே பார்க்க வேண்டும் என்று பின்தெரு வழியாகச் சுற்றிப் போனாள். வடையை நிறுத்தினாள். சோற்றைப் பாதியாக்கினாள், அந்த வாரம் கண்ணில் பட்டவர் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள். கார்த்திகை மழையில் குடையோடு நடந்தாள்.

மூச்சு வாங்குவதற்கு ஒரு வழி அவளுக்குத் தானாகவே அகப்பட்டது. ஒரு நாள் நடந்துகொண்டே தறி ஓசையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு அடிக்கு ஒரு சுண்டு, இரண்டு அடிக்கு ஒரு சுண்டு. இருபத்தைந்து வருஷமாக உடம்பில் ஊறிய தாளம், ஏறாது இறங்காது. அதைப் பிடித்துக்கொண்டதும் கால் தடுமாறாமல், மூச்சு சிதறாமல் போனது. அன்றைக்கு முதல் முறையாக நாலு கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து வேணுகோபாலிடம் அதைச் சொல்லும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

எங்கள் தெருக்களில் காலையில் பாவு நூலை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அதைத் தாண்டக் கூடாது, குனிந்து அடியில் போக வேண்டும். குனிய முடியாமல் ஆறேழு வருஷமாக அடுத்த தெருவைச் சுற்றிப் போனவள் ஹேமலதா. மார்கழியில் ஒரு காலை, நடந்த வேகத்திலேயே குனிந்து அந்தப் பக்கம் நிமிர்ந்துவிட்டாள். பாவு நீட்டிக்கொண்டிருந்த கமலக்கண்ணன் விசிலடித்தார். அவள் திரும்பி வந்து, வேண்டுமென்றே இன்னொரு தரம் குனிந்து போனாள்! பொங்கலன்று எடை எழுபத்தேழு. மருந்துக் கடை மெஷின் நன்றாகவே வேலை செய்தது.

ஆனால் பத்து கிலோமீட்டரை அவள் நடந்து பார்த்ததில் மிகச் சிறந்த நேரம் இரண்டு மணி நாலு நிமிஷம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோட்டை மைதானத்தில் இருநூறு பேர். ஒலிபெருக்கியில் "நம்ம நடை ராணி ஹேமலதா!" என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. கதை ஊருக்கே தெரியும். அவளுக்கு முகம் சிவந்தது, தலையைக் குனியவில்லை. விசில் ஊதியது. இரண்டு அடிக்கு ஒரு சுண்டு.

சேவூரில் திரும்பும்போது ஐம்பத்தொன்பது நிமிஷம். நெஞ்சு துள்ளியது. முடியும் போலிருக்கிறதே! அணியில் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போய்விட்டார்கள். ஏழாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. எட்டாவதில் தாளம் விட்டுப்போனது. ஒன்பதாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மீதி இருந்தது பதினோரு நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்த்தாள், போதாது. அழுகை வந்தது. எல்லோரும் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார்கள், தன் ஒருத்தியால் எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

எதிரே ஒருத்தி வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் துண்டு, ஆளே பாதியாகிவிட்ட சூர்யகலா. நடந்து முடித்தவள் திரும்பி வந்திருக்கிறாள். இவளைக் கைபிடித்துக் கூட்டிப் போகக் கூடாது, அது விதி. அவள் தொடவும் இல்லை. இவளுக்கு முன்னால் பத்தடி தள்ளிப் போய், திரும்பி நின்று, இரண்டரை மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"இன்னா பாக்கற? எண்பது நாளு நான் உன்னத் தொரத்தினேன். இப்ப நீ என்னத் தொரத்து. ஜல்தி!"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். ஹேமலதா அந்த முதுகையே பார்த்துக்கொண்டு காலை வீசினாள். கெண்டைக்கால் வலியை மறந்தாள், தாளத்தை மறந்தாள். இடைவெளி பத்தடியிலிருந்து எட்டானது, ஆறானது. சூர்யகலா திரும்பிப் பார்த்து இன்னும் வேகம் கூட்டினாள், பாவி. சாலையோரத்தில் நின்றவர்கள் எல்லாம் கத்தினார்கள். மைதான வாசலில் வேணுகோபால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிஷம் இருபது நொடி.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஹேமலதா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அழுதார், அணியின் மற்ற மூன்று பேரும் கட்டிக்கொண்டு ஆடினார்கள். சூர்யகலா பக்கத்தில் வந்து, தன் துண்டை எடுத்து இவள் மடியில் போட்டாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு மில்லு வாசல்ல வந்து நில்லு" என்றாள். "லேட்டானா வுட்டுட்டுப் போயிடுவேன்."

மறுநாள் ஹேமலதா கால் மணி நேரம் முன்னாலேயே போய் நின்றாள். சூர்யகலா அவளுக்கும் முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருந்தாள்.