உள்ளிருந்து தள்ளிய கம்பி

என் கார் எரியப் போகிறது என்றே நினைத்தேன். போன வாரம்... பட்டப்பகலில்!

மோகனூரிலிருந்து மாமியாரை சேலத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தோம். அவருக்கு மத்தியானம் கண்புரை ஆபரேஷன். பக்கத்தில் என் மனைவி சாந்தி. நாமக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கருகிய எண்ணெய் வாசம். பானெட் இடுக்கில் புகை!

ஓரங்கட்டினேன். சாந்தி அம்மாவை இறக்கிக் கொஞ்சம் தூரமாக அழைத்துப் போனாள். நான் கவிதாவுக்கு போன் போட்டேன். சாந்தியின் தங்கை, நாமக்கல்லில் பாலிடெக்னிக் ஒன்றில் ஆட்டோமொபைல் பாடம் நடத்துகிறவள்.

"ஆஃப் பண்ணிட்டுத் தள்ளி நில்லுங்க மாமா. பானெட்டைத் தொறந்துறாதீங்க. நான் வாரேன்."

டாக்ஸி பிடித்து அம்மாவையும் மகளையும் அனுப்பினேன். "என் கண்ணு கெடக்குது மாப்ள, நீங்க வண்டிகிட்டப் போகாதீங்க" என்றார் மாமியார்.

கவிதா ஸ்கூட்டரில் வந்தபோது புகை அடங்கியிருந்தது. பானெட்டைத் திறந்தாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பி, குழாயை விட்டு வெளியே தொங்கியது. ஆயில் பீய்ச்சி, சூடான சைலன்சர் குழாய் மேல் விழுந்திருக்கிறது.

"நான்தான் சரியா சொருகலையோ?"

"இல்லீங்க மாமா. உள்ளேருந்து தள்ளியிருக்குது."

தள்ளியதா! எது?

சொன்னாள். பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும் ஒவ்வொரு முறையும், துளி வாயு பிஸ்டன் ஓரமாக நழுவிக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் போய்விடுமாம். எவ்வளவு நல்ல இன்ஜினாக இருந்தாலும்! அதை அப்படியே விட்டால் அழுத்தம் ஏறும். அதனால் ஒரு குழாய், ஒரு சின்ன வால்வு. இன்ஜின் தன் உறிஞ்சலாலேயே அந்த வாயுவை மேலே இழுத்து, மறுபடி எரித்துவிடுகிறது. வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடினால் வால்வு வழியைக் குறுக்கும். வேகமெடுத்தால் அகலத் திறக்கும். கம்ப்யூட்டரா, ஒயரா? ஒன்றும் கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங்... அவ்வளவுதான்!

வாய் பிளந்து நின்றேன். இத்தனை வருஷமாக இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்...

கவிதா வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினாள். "நல்லா இருந்தா டக்டக்குனு கேக்கோணும்." சத்தமே இல்லை. உள்ளே கருஞ்சேறு.

"பக்கத்துலயே ஓட்டுறீங்களாட்ட இருக்குதே?"

ஆமாம். வீடு, ஆபீஸ், மார்க்கெட். இன்ஜின் முழுசாகச் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவேன். உள்ளே தங்கிய ஈரம் ஆயிலோடு கலந்து சேறாகி, வழியை அடைத்துவிட்டது. போக வழியில்லாத அழுத்தம்தான் கம்பியைத் தள்ளியிருக்கிறது. சமீபத்தில் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றியும் கசிவு நிற்காத காரணம் அப்போதுதான் புரிந்தது. சீல் என்ன செய்யும் பாவம்? வாசல் அடைபட்டால் ஜன்னல் வழியாகத்தானே வருவார்கள்!

நாமக்கல் போய்ப் புது வால்வும் ஆயிலும் வாங்கி வந்து மாட்டினாள். இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் அறைக்கு வெளிக்காற்று வரும் குழாயை விரலால் அடைத்தாள். ஆயில் ஊற்றும் வாய் மேல் ஒரு காகிதத்தை வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

காகிதம் மெல்லக் குழிந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது! வால்வு மறுபடி உள்வாயுவை இழுக்கிறது! எனக்குப் புல்லரித்தது.

சேலம் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. ஒரு கண்ணில் கட்டோடு மாமியார். பாக்கெட்டிலிருந்து பழைய வால்வை எடுத்துக் கொடுத்தேன். மற்ற கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இத்தினியூண்டா நம்மள நடுரோட்டுல எறக்கி உட்டுச்சு?"

"ஆமாங்க அத்தை. இத்தன வருஷம் ஊடு கொண்டுவந்து சேத்ததும் இத்தினியூண்டுதானுங்க!"