வாடிய இரும்பு ரோஜா

இன்று பாளையங்கோட்டை வாத்தியார் என் பட்டறை வாசலில் வில்வண்டியை நிறுத்தி இறங்கினார். மனைவியின் கல்லறைக் கம்பிக்கதவுக்கு, வாடாத பூவாக ஓர் இரும்பு ரோஜா கேட்டிருந்தார். மாதிரிக்கு நிஜ ரோஜா ஒன்றும் தந்திருந்தார்.

உலைச் சூட்டில் எந்தப் பூ நிமிர்ந்து நிற்கும்? நான் கண்ணால் கண்டதைத்தான் அடிப்பேன்.

"என்னவே ஆசாரி, இதழெல்லாம் தொங்குது?"

"நீங்க தந்த பூ அப்பிடித்தான் இருந்துது ஐயா. வேணும்னா காய்ச்சி நிமுத்திருதேன்."

குறட்டால் ரோஜாவைப் பிடித்து உலைக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வேண்டாம்வே. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போயிட்டுத் திரும்புதப்போ, அவ கொண்டையில இப்பிடித்தான் இருக்கும்."

தொங்கும் இதழைப் பார்த்து நேற்றெல்லாம் என் பட்டறையில் உட்கார்ந்து சிரித்த நண்பர்களே, இப்போது என்ன சொல்லுகிறீர்கள்?