முதலாளியின் உதட்டில் பாலுண்ணி

என் அக்காவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. சம்பளமே அதற்குத்தான். துணிக் கம்பெனியில் பதினெட்டு வருடமாகப் பிசிறு வெட்டுகிறாள். தைத்து வரும் சட்டையில் எங்கே நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும், உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கத்தரியால் ஒரே 'கிளிக்'. கண் பார்ப்பதற்குள் கை வெட்டிவிடும். வீட்டிலும் அந்தக் கத்தரி கழுத்துக் கயிற்றில் தொங்கும். திரைச்சீலை, தலையணை உறை, என் துப்பட்டா, எதுவும் தப்பாது.

அவள் வளர்க்கும் எட்டு மாத நாயின் பெயர் முதலாளி. கம்பெனியில் வாய்க்குள் விழுங்கியதையெல்லாம் "டேய் முதலாளி, அறிவிருக்கா உனக்கு?" என்று வீட்டில் கேட்டுத் தீர்த்துக்கொள்வாள். அவனும் வாலை ஆட்டிக்கொண்டே வந்து மடியில் தலை வைப்பான். ஒரு நாளில் அவள் உட்காருவது அந்த அரை மணி நேரம்தான்.

ஒரு காலை அவன் கீழ் உதட்டில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உண்ணி என்று நினைத்து நகத்தால் பிடித்து இழுத்தாள். அவன் வீல் என்று கத்தினான். அடுத்த வாரம் நான்கு. லீவு போட்டு நாய் டாக்டரிடம் ஓடினாள். என்னையும் இழுத்துக்கொண்டுதான்.

"உண்ணி பிடிச்சு ஆட்டுது டாக்டர், எடுத்து விடுங்க."

"உண்ணி இல்லம்மா, பாலுண்ணி. மருன்னு சொல்வாங்களே, அது. குட்டிங்களுக்கு வாயில வரும். உடம்புல எதிர்ப்பு சக்தி வந்ததும் தானா உதிர்ந்துடும். ரெண்டு மாசம் ஆகலாம்."

"ரெண்டு மாசமா! மருந்து?"

"இப்போதைக்கு வேண்டாம். மத்த நாய்ங்களோட சேர விடாதீங்க. சாப்பிட முடியலன்னாலோ, ரத்தம் வந்தாலோ கூட்டிட்டு வாங்க. மத்தபடி கை வைக்காம சும்மா இருங்க, போதும்."

யாரிடம் போய் என்ன சொல்கிறார் மனுஷர்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா முறைத்தாள்.

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் எழுந்ததும் போன் வெளிச்சத்தில் அவன் வாயைத் திறந்து எண்ணுவாள். ஏழு. ஒன்பது. குட்டிக் காலிஃபிளவர் மாதிரி கொத்துக்கொத்தாக. அவன் சோற்றை மெதுவாகத் தின்றால் இவளுக்குச் சோறு இறங்காது. டாக்டருக்கு நாலு தடவை போன் போட்டாள்; ஐந்தாவது தடவை அவர் எடுக்கவில்லை. "ஏதாவது செய்யணும்டி, இப்படியே பார்த்துக்கிட்டே இருந்தா எப்படி?" என்று சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அவன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் யார் வீட்டு வம்பையோ அளந்துகொண்டிருந்தேன். அக்கா "ம்" கொட்டியபடி அவன் உதட்டோரம் தடவிக்கொண்டிருந்தாள்.

கிளிக்.

அவன் துள்ளி எழுந்து கட்டிலுக்கடியில் ஓடினான். அவள் புடவையெல்லாம் ரத்தம். கத்தரியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் இல்லடி... கை... கைதான்டி வெட்டிடுச்சு."

அப்படி அழுது அவளை நான் பார்த்ததே இல்லை. கோபமாக வந்தது. அவனைத் துப்பட்டாவில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான்தான் டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் ரத்தத்தை நிறுத்தினார், திட்டவும் திட்டினார். புண் பத்து நாளில் ஆறியது. ஆனால் அவன் அவளிடம் வரவில்லை. அவள் நுழைந்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவான். கத்தரியை அவள் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தாள். வந்ததும் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்துக்கொள்வாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். கூப்பிட மாட்டாள். பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை.

ஏழாவது வாரம் பாலுண்ணியெல்லாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஒன்றுக்கும் தடமில்லை. அவள் வெட்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு தழும்பு.

அன்று மாலை அவன் வெளியே வந்தான். அவள் விரல் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தான். பிறகு மடியில் தலை வைத்தான். அவள் மூச்சுகூட விடவில்லை. கால் ஆட்டம் நின்றிருந்தது.

அவன் கழுத்துப்பட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துவிடலாமென்று நான் கையை நீட்டினேன்.

"விடுடி," என்றாள் அக்கா. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."